கிளாரினெட் குழந்தைசாமி கப்பல் ஏறுமுன் அறிய வேண்டியவை

சேசு மரி சூசை துணை

மலாய் நாடு,
பினாங்குக்கு எதிர்க்கரை,
ரப்பர் தோட்டம், மூன்றாவது லயம்.
1956 ஆகஸ்டு 3

ஆவூர் பேண்டு செட்டின் கிளாரினெட் வித்துவானும், என் மனைவி சூசைமேரியின் ஒரே தம்பியும், ஊசிக்குப் பயந்து புதுக்கோட்டை ஆஸ்பத்திரிச் சுவரேறிக் குதித்தவனுமாகிய மாப்பிள்ளை குழந்தைசாமிக்கு, பேஸ் டிரம் மைக்கேல்சாமி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இவ்விடம் அன்னம்மாள் திருநாளுக்கு வாசிக்க வந்த நாங்கள் ஏழு பேரும் சர்வேசுரன் கிருபையால் உயிரோடும், ஏறக்குறைய முழு உடம்போடும் இருக்கிறோம். அவ்விடம் நீயும், உன் அக்காவும், பிள்ளைகளும், சினையாக இருக்கிற செவலை மாடும் சுகம்தானா என்று எழுதவும்.

உன் கடிதம் வந்தது. கிறிஸ்துமஸ் திருநாளுக்கு இங்கே இரண்டாவது கோஷ்டி வருகிறது என்றும், அதில் நீயும் பேர் கொடுத்திருக்கிறாய் என்றும், உஷ்ண தேசத்துக்குக் கூட்டமாகப் போகிறவர்கள் என்னென்ன ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும் என்று வரிசையாக எழுதும்படியும் கேட்டிருந்தாய். படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எட்டுப் பேருக்குப் பாஸ்போர்ட்டு வாங்கி, எட்டுப் பேருக்குச் சீட்டு எடுத்து, ஏழு பேராகக் கப்பல் ஏறியவர்களிடம் ஆயத்தம் பற்றிக் கேட்கிறாயே! இருந்தாலும் நீ என் மச்சினன். வரிசையாகவே எழுதுகிறேன். வரிசை தவறினால் அது நடந்த காரியங்களின் குற்றம், என் குற்றமல்ல.

முதலாவது ஊசி. அன்றைக்கு "வெளிக்குப் போயிட்டு வாரேன் மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனாயே, நீ திரும்பி வருவாய் என்று உன் கிளாரினெட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். கம்பவுண்டர் மூன்று தடவை உன் பேரைக் கூப்பிட்டார். அந்நேரம் நீ ஆவூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். அம்மை குத்துவதும் காலரா ஊசியும் அப்படியொன்றும் பிராணன் போகிற விஷயமல்ல மாப்பிள்ளை. ஆனால் கப்பலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது போட்டுக்கொள்ளாதே. ஒரு மாதம் முன்னாலேயே போட்டுக்கொள். எனக்கு டிரம் அடிக்கிற வலது கையிலேயே போட்டுவிட்டார்கள். அது வீங்கிய வீக்கத்தில் சட்டைக் கையைக் கத்தரித்துத்தான் கழற்றினோம். ஊசி போட்டதற்கு ஒரு சின்னப் புத்தகம் தருவார்கள். அதைத் தொலைத்தால் உன்னையே தொலைத்த மாதிரி. பினாங்குத் துறைமுகத்தில் ஒரு டாக்டர் ஒவ்வொருவராக நிறுத்திப் புத்தகத்தையும் பார்த்தார், கையில் தழும்பையும் பார்த்தார். எங்களுக்கு முன்னால் நின்றவரிடம் புத்தகம் இருந்தது, முத்திரை இல்லை. அவரை ஒரு சின்னப் படகில் ஏற்றி, நோய் பரவாமல் ஆட்களை ஒதுக்கி வைக்கிற ஒரு தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் படகில் உட்கார்ந்து எங்களைத் திரும்பிப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முகம் எனக்கு உன் முகம் மாதிரியே தெரிந்தது.

இரண்டாவது மூட்டை முடிச்சு. கப்பலில் தளத்து டிக்கெட்டுக்காரர்களுக்கு இவ்வளவு சாமான்தான் என்று கணக்கு உண்டு என்றார்கள். நம் பேண்டு மாஸ்டர் அடைக்கலசாமி அண்ணன் வீட்டிலேயே யோசித்து ஒரு உபாயம் கண்டுபிடித்தார். தான் ஊதுகிற யூபோனியத்தின் பெரிய வாயைப் பார்த்து, "வெறும் காத்துக்கு எதுக்குடா இம்புட்டு இடம்?" என்று கேட்டு, பருப்புப் பொடி, மிளகாய்ப் பொடி, சுக்குப் பொடி எல்லாவற்றையும் துணிப் பையில் கட்டி உள்ளே திணித்துவிட்டார். நாகப்பட்டினத்தில் சுங்கத்து அதிகாரி வெள்ளை வெளேரென்று உடுப்புப் போட்டுக்கொண்டு வந்தார். யூபோனியத்தைத் தட்டிப் பார்த்தார்.

"இதுக்குள்ள என்ன இருக்கு?"

"காத்துதாங்க" என்றார் அண்ணன்.

"அப்ப ஊதிக் காட்டுங்க."

அண்ணன் ஊதினார். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. தங்கம் கடத்துகிறோம் என்று நினைத்துக்கொண்ட அதிகாரி தானே கையை உள்ளே விட்டுப் பையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். பை வரவில்லை, பையின் தையல்தான் வந்தது. அதற்குப் பிறகு அந்த வெள்ளை உடுப்பைப் பற்றி நான் எழுதுவது மரியாதை இல்லை. அவர் தும்மிய தும்மலில் வரிசையில் நின்ற எல்லாருக்கும் சோதனை சீக்கிரம் முடிந்தது. ஆகையால் மாப்பிள்ளை, வாத்தியத்துக்குள் வாத்தியம் மட்டும் இருக்கட்டும். இன்றைக்கும் அண்ணன் கீழ்ஸ்தாயியில் ஊதினால் முன்வரிசையில் இருப்பவர்களுக்கு மூக்கு எரிகிறது.

மூன்றாவது கப்பல். இதைப் பற்றி எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. நாம்தான் படகில் போய் அதனிடம் ஏற வேண்டும். தூரத்தில் பார்க்கும்போது பெரிய வீடு மாதிரி இருந்தது. கிட்டப் போகப் போக ஆவூர்க் கோயில் மாதிரி ஆயிற்று. அடியில் போய்ச் சேர்ந்தபோது அண்ணாந்து பார்த்தேன், முடிவே தெரியவில்லை. இரும்பு, மாப்பிள்ளை! மலை உயரத்துக்கு இரும்பு, அது தண்ணீரில் மிதக்கிறது! என் டிரம்மை வலையில் கட்டிக் கிரேனால் தூக்கினார்கள். ஆகாசத்தில் அது சுற்றிச் சுற்றிப் போவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றதில், படகு ஆடி, நான் ஒரு செட்டியாரம்மாள் மடியில் உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் பெருந்தன்மையான குடும்பம், கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள்.

கப்பல் தளத்தில் பாய் விரித்த இடம்தான் வீடு. முதல் ஆளாக ஏறி நிழலில் இடம் பிடி. எங்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்தவர் அறந்தாங்கி யாக்கூப் ராவுத்தர். பினாங்கில் கடை வைத்திருப்பவர், வருஷா வருஷம் போய்வருகிறவர். நல்ல மனுஷன். இரண்டாம் நாள் கடல் புரட்டியதில் எங்கள் கோஷ்டியில் நிமிர்ந்து உட்கார ஆள் இல்லை. நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி என் பாவங்களை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, தண்ணியப் பாக்காதீங்க. அந்தா, கடலும் வானமும் ஒட்டுற கோடு இருக்குல்ல, அங்கிட்டுப் பாருங்க. அது ஆடாது."

"எல்லாம் ஆடுதே பாய்."

"நீங்கதான் ஆடுறீங்க. கோடு அங்கனயேதான் இருக்கு. வயித்தக் காலியா விட்டுறாதீங்க, இந்த வறட்டு ரொட்டியக் கொஞ்சம் கொஞ்சமாக் கடிங்க."

அவர் சொன்னபடி பார்த்தேன், கடித்தேன். சாயங்காலத்துக்குள் தலை நின்றது. அதற்குப் பிறகுதான் கடலை நான் கடலாகப் பார்த்தேன். ஆவூர்ப் பெரிய கண்மாய் நிறைந்தால் நாம் ஊர்கூடி வேடிக்கை பார்ப்போமே, இங்கே நான்கு நாள் எந்தத் திசையில் திரும்பினாலும் கரை என்ற ஒன்று இல்லை. மீன் பறக்கிறது மாப்பிள்ளை. சிட்டுக்குருவி மாதிரி கூட்டமாக எழும்பி, வெள்ளியாகப் பறந்து, திரும்பவும் தண்ணீருக்குள் போகிறது. உன் அக்காவிடம் இதைச் சொல்லாதே, நான் குடித்துவிட்டு எழுதுவதாக நினைத்துக்கொள்வாள். "இம்புட்டுத் தண்ணியையும் ஒருத்தர் உக்காந்து உண்டாக்கி இருக்காரே" என்று அடைக்கலசாமி அண்ணன் தொப்பியைக் கழற்றினார். அவர் பூசையிலேயே தொப்பியைக் கழற்ற யோசிக்கிறவர்.

பூட்ஸ் விஷயத்தை மறந்துவிட்டேன். கோஷ்டியின் கௌரவத்துக்காக அண்ணன் எல்லாருக்கும் திருச்சியில் புதுப் பூட்ஸ் எடுத்தார் அல்லவா, அது ரப்பர் தோட்டத்துக்கு உதவாது. இங்கே அட்டை என்று ஒரு பூச்சி இலைக்கு இலை எழுந்து நின்று நம்மை எதிர்பார்க்கிறது. முதல் ஒத்திகை அணிவகுப்பு முடிந்து பூட்ஸைக் கழற்றினால் உள்ளே எங்களைவிட அட்டைகள் புஷ்டியாக இருந்தன. இழுத்துப் பிடுங்காதே, சுண்ணாம்பு தடவினால் தானே விழும். புகையிலையை ஊறவைத்துக் காலில் பூசிக்கொண்டு செருப்போடு நட. இதெல்லாம் தோட்டத்துப் பெண்கள் சொல்லிக்கொடுத்தது.

உஷ்ண தேசம், உஷ்ண தேசம் என்று பயந்து நாங்கள் கொண்டுவந்த விசிறிகளும், வெட்டிவேரும், நன்னாரி வேரும் மூலையில் கிடக்கின்றன. சித்திரை மாதம் ஆவூர்ப் பொட்டலில் சப்பரம் தூக்குகிற நமக்கு இந்த வெயில் ஒரு வெயிலா? இங்கே இருப்பது மழை. தினம் மூன்று மணிக்கு வருகிறது, கோயில் மணி அடிக்கிறவன் வந்து கயிற்றை இழுப்பது போல நேரம் தவறாமல் வருகிறது. நம் ஊரில் மூன்று வருஷம் பார்த்துக் காத்திருக்கிற தண்ணீரை இங்கே மூன்று வாரத்தில் அலட்சியமாகக் கொட்டிவிட்டுப் போகிறது. மரத்தின் மேல் மரம், கொடியின் மேல் கொடி, வேலிக்கு நட்ட குச்சிகூடத் துளிர்க்கிறது. எனக்கு முதல் நாள் கோபமே வந்தது. யாருக்குக் கொடுக்க வேண்டியதை யாருக்குக் கொடுக்கிறார் என்று. பிறகு பழகிவிட்டது. ஆகவே குடை கொண்டு வா. ஆளுக்கு ஒன்றும், வாத்தியத்துக்கு ஒன்றும்.

அந்த ஈரத்தில் என் டிரம்மின் தோல் தொளதொளத்துப் போயிற்று. அடித்தால் 'தொம்' என்று வர வேண்டியது 'தொப்' என்று வந்தது, ஈரச் சாக்கை அடிப்பது போல. திருநாளுக்கு மூன்று நாள்தான் இருந்தது. நான் அழாத குறை. அப்போதுதான் ஆரோக்கியம்மாள் வந்தார்கள். எங்களை இங்கே வரவழைத்த திருநாள் கமிட்டிக்கு அவர்கள்தான் தலைவி. ஐம்பது வயதிருக்கும். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற கத்தி இடுப்பில், வாளி கையில், பேச்சில் பாதி அதட்டல். ஆவூரில் பிறந்து, கல்யாணம் முடிந்து எட்டாம் நாள் இங்கே வந்தவர்களாம். டிரம்மைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இந்த மொகம்? தூக்கிக்கிட்டு வாங்க" என்றார்கள். ரப்பர் தகடுகளைக் காயவைக்கிற புகைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய், துணி காயப்போட்ட மாதிரி வரிசையாகத் தொங்குகிற தகடுகளுக்கு நடுவே டிரம்மைத் தொங்கவிட்டார்கள். ஒரு பகல் பொழுது. தோல் புதுசு மாதிரி இறுகிவிட்டது. கருவாட்டு வாசனை மட்டும் போகவில்லை.

அன்னம்மாள் திருநாள் நன்றாக நடந்தது. கிளாரினெட் இல்லாத குறையைக் கார்னெட்டை வைத்து ஒப்பேற்றினோம். சீனர்களும் மலாய்க்காரர்களும் சாலையோரம் நின்று பார்த்தார்கள். காட்டில் துப்பாக்கிக்காரர்கள் ஒளிந்திருக்கிறார்கள் என்று தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருக்கிறார்கள். அந்தக் கம்பிக்கு வெளியே காவல் நின்ற சிப்பாயும் காலால் தாளம் போட்டான். பத்து ஊர்ப் பழம் அழுகின மாதிரி நாறுகிற முள்ளுப் பழம் ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். அதன் வாசனைக்கு நீ மயங்கி விழுவாய், ருசிக்கு எழுந்து உட்காருவாய். அதுவும் இருக்கட்டும்.

எல்லாம் முடிந்து வாத்தியங்களைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஆரோக்கியம்மாள் வந்து நின்றார்கள். அதட்டல் இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"மாஸ்டரே, பெரிய வெள்ளிக்கிழமை ஆண்டவரத் தூக்கிக்கிட்டுப் போகையில ஆவூர்ல வாசிப்பீங்களே ஒரு நடை, அத வாசிக்கணும்."

அண்ணன் திகைத்துப் போனார். "திருநாள் சமயத்துல துக்க நடை வாசிக்கக் கூடாதும்மா. அதோட, அதுக்குக் கிளாரினெட்தான் உயிரு. எங்க கிளாரினெட்டுக்காரன் வரல."

"ஏன், ஒடம்பு சரியில்லையா?"

மாப்பிள்ளை, அண்ணன் என்னைப் பார்த்தார். நான் டிரம்மைப் பார்த்தேன். "ஆமாம்மா" என்றேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதைச் சொல்லும்போது உன் பங்கையும் சேர்த்துச் சொல்லுவேன்.

அவர்கள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பிறகு சொன்னார்கள். "ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடணும்னு ஆளப் புடிச்சிக்கிட்டுப் போனான். எங்க வீட்டுக்காரர, காலையில பேரு கூப்புடுற பெரட்டுக் களத்துல இருந்து அப்படியே லாரில ஏத்திட்டான். சட்டைகூடப் போடல அவரு. பதிமூணு வருசம் ஆச்சு. உடம்பும் வரல, குழியும் இல்ல, ஒரு மேளச் சத்தம்கூட இல்லாமப் போனாரு. நீங்க வாரீங்கன்ன உடனே நான் மனசுல நெனச்சது அதத்தான். திருநாளு எல்லாம் கமிட்டிக்கு."

அண்ணன் துடைத்து வைத்த யூபோனியத்தைத் திரும்பவும் கையில் எடுத்தார். மறுநாள் பதினொரு மணிக்கு, பால் வெட்டு முடிகிற நேரத்துக்கு, ரப்பர் மரங்களுக்கு நடுவே போகிற செம்மண் பாதையில் ஏழு பேரும் வரிசையாக நின்றோம். பாடையும் இல்லை, பெட்டியும் இல்லை, ஆரோக்கியம்மாள் மட்டும் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு முன்னால் நின்றார்கள். ஒருத்திக்காகத்தானே என்று நினைத்துக்கொண்டு நான் முதல் அடி அடித்தேன். அந்த நடைக்கு நாலு எட்டுக்கு ஓர் அடி, உனக்குத் தெரியும். இரண்டாவது அடி அடிப்பதற்குள் வலது பக்கத்து மரங்களுக்கு இடையிலிருந்து ஒரு பெண் வந்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு ஆரோக்கியம்மாளுக்குப் பின்னால் நின்றாள். இடது பக்கத்திலிருந்து இரண்டு பேர். அப்புறம் நாலைந்து பேர். நம் வேதத்துக்காரர்கள் மட்டுமல்ல, திருநீறு பூசினவர்களும் வந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பாதை திரும்புகிற இடத்தில் நான் பார்த்தபோது முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். ஒவ்வொருத்தி வீட்டிலும் லாரியில் ஏறின ஓர் ஆள்.

அண்ணன் யூபோனியத்தில் கீழ் சுருதி பிடித்தார். கார்னெட் சேர்ந்தது. கிளாரினெட் நுழைய வேண்டிய இடம் வந்தது. நமக்கு அந்த இடம் வந்தால் உடம்பு தானாக உன் பக்கம் திரும்பும். எல்லாரும் திரும்பினோம், அங்கே வெறும் இடம். அந்த வெறுமையில் என் டிரம் மட்டும் ஓர் அடி அடித்தது. அப்போது ஆரோக்கியம்மாள் வாயை மூடிக்கொண்டே அந்த மெட்டை முனக ஆரம்பித்தார்கள். ஒரு சுரம் பிசகவில்லை மாப்பிள்ளை. ஆவூரை விட்டுப் போய் முப்பது வருஷம், ஒரு தடவைகூடத் திரும்பி வராதவர்கள். நீ மூச்சு வாங்குகிற இடத்திலேயே மூச்சு வாங்கினார்கள். இரண்டாவது சுற்றில் பின்னால் வந்த பெண்கள் கேட்டுக் கேட்டுச் சேர்ந்துகொண்டார்கள். மரத்துக்கு மரம் அந்த முனகல் போய்த் திரும்பி வந்தது. தோட்டத்துத் துரை காரில் எதிரே வந்தவர் காரை ஓரம் நிறுத்திவிட்டு, இறங்கி, நாங்கள் கடந்து போகிறவரை நின்றார். சீனக் கடைக்காரர் கல்லாவைப் பூட்டிவிட்டு வந்து வாசலில் நின்றார். இருபது வருஷமாக எத்தனையோ சாவுக்கு டிரம் அடித்திருக்கிறேன், கணக்குப் பிசகியதில்லை. அன்றைக்கு எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணனும் சைகை காட்டவில்லை. பாதை முடிந்து, ஓடை வந்து, ஆரோக்கியம்மாள் தண்ணீரில் கால் வைத்து நின்றார்கள். அப்போதுதான் நாங்கள் நிறுத்தினோம்.

முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பியதும் பழைய அதட்டல் வந்துவிட்டது. "என்ன பாக்குறீங்க? சோறு ஆறுது, வாங்க" என்றார்கள்.

இதை உன்னை வருத்தப்பட வைக்க எழுதவில்லை. பக்கத்துத் தோட்டங்களுக்கும் சேதி போயிருக்கிறது. நான்கு இடத்திலிருந்து அதே நடையைக் கேட்டு ஆள் வந்துவிட்டது. "கிளாரினெட்டுக்காரருக்குச் சுகமாயிருச்சா?" என்று ஆரோக்கியம்மாள் இரண்டு தடவை விசாரித்துவிட்டார்கள். சுகமாகிக்கொண்டு வருகிறது என்று சொல்லியிருக்கிறேன். என்னைப் பொய்யனாக்காதே. நாளைக்கே புதுக்கோட்டைக்குப் போய் ஊசியைப் போட்டுக்கொள். கண்ணை மூடிக்கொண்டு அந்த நடையின் முதல் வரியை மனசுக்குள் வாசி, வரி முடிவதற்குள் ஊசி வெளியே வந்துவிடும். உன் அக்காவைக் கூடக் கூட்டிப்போ, அவள் வாசலில் நிற்கட்டும், சுவர்ப் பக்கம் உன் அம்மா நிற்கட்டும்.

ஆக, சுருக்கமாக: மெல்லிசான நூல் சட்டை நாலு, வேட்டி நாலு, செருப்பு, புகையிலை, சுண்ணாம்பு, குடை, வறட்டு ரொட்டி, ஊசிப் புத்தகம். கம்பளி, ஜமக்காளம், தடித்த துணி எதுவும் வேண்டவே வேண்டாம், வேர்வையில் நாறிப்போகும். ஆரோக்கியம்மாளுக்கு நம் ஊர்க் கத்தரி விதை ஒரு பொட்டலம், அவர்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

பங்குச் சாமியாருக்கு எங்கள் தோத்திரம். உன் அக்காவிடம் நான் இளைக்கவில்லை என்று சொல். பிள்ளைகளை வெயிலில் அலையவிட வேண்டாம். மாடு கன்று ஈன்றால் என்ன கன்று என்று உடனே எழுதவும். உனக்கும் உன் மூச்சுக்கும் ஆண்டவர் காவலாக இருப்பாராக.

இப்படிக்கு,
உன் மச்சான்
மைக்கேல்சாமி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது கமிட்டிக்காரர் ஒருவர் வந்தார். உங்கள் கோஷ்டிக்குக் கிறிஸ்துமஸ் இந்தத் தோட்டத்தில் இல்லையாம். மலை உச்சியில், மேகத்துக்குள்ளே, ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடக்கிறதாம். அங்கே பேசினால் வாயிலிருந்து புகை வருமாம், பகலிலும் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்களாம். கேட்டதும் நாங்கள் ஏழு பேரும் மூலையில் கிடக்கிற விசிறிகளைத் திரும்பிப் பார்த்தோம். உஷ்ண தேசத்தில் ஆண்டவர் அதையும் ஓர் ஓரமாக வைத்திருக்கிறாரே! ஆகவே மேலே எழுதியது ஒன்றும் உனக்கு உதவாது, கிழித்துப் போடு. நம் பங்குச் சாமியார் கொடைக்கானல் போகும்போது ஒரு கம்பளிச் சட்டை போட்டுக்கொள்வார், அதை இரவல் கேட்டு வாங்கு. உங்கள் கோஷ்டி முழுவதுக்கும் அந்த ஒரு சட்டைதான் என்றால், கிளாரினெட் வாசிக்கிறவன் போட்டுக்கொள்ளட்டும்.